லிஃப்ட் அனுமதி

“துப்புரவு ஆளுங்க இனிமே லிஃப்ட்ல வரக்கூடாது. பெரிய பெரிய கிளையன்ட் வர்ற இடத்துல வாளியும் துடைப்பமுமா ஏறுறாங்க. திங்கக்கிழமையிலிருந்து அவங்க கார்டு லிஃப்ட்ல வேலை செய்யக் கூடாது” என்றார் மேனேஜர்.

“செஞ்சிடலாம் சார்” என்றார் தலையாட்டி.

அவர் அந்த அலுவலகத்தின் மூத்த புரோகிராமர். யார் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசமாட்டார் என்பதால் வந்த பெயர் அது.

புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

“ஆறு மாடி சார். துப்புரவு பண்ற அம்மா தண்ணி வாளியோட எப்படி ஏறுவாங்க? நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா கேக்கற ஆளா அவரு?” என்று கீபோர்டை இழுத்துக்கொண்டார்.

கார்டு புரோகிராமில் ‘ஊழியர்’ என்று ஒரு தாய் கிளாஸ், எல்லா வகை ஊழியருக்கும் பொதுவான அச்சு. லிஃப்ட் அனுமதி அதில்தான் இருந்தது. மேனேஜர், கணக்கர், துப்புரவாளர் என்று அதிலிருந்து பிறந்த கிளாஸ்களுக்கெல்லாம் அது தானாக வந்துவிடும்.

தலையாட்டி, துப்புரவாளர் கிளாஸைத் திறந்தார். லிஃப்ட் அனுமதிக்கு நேராக ‘இல்லை’ என்று போட்டார்.

இந்த வயசில் இப்படி ஒரு பயமா என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை யார் கார்டுக்கும் லிஃப்ட் திறக்கவில்லை. மேனேஜர் இரண்டு கிளையன்ட்டுகளோடு ஆறு மாடியும் ஏறி வந்து, மூச்சு வாங்க நின்றார்.

“என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

“அந்த அனுமதி எல்லாருக்கும் பொது சார். பிள்ளை கிளாஸ்ல மாத்தினா தாய் கிளாஸ்லயே மாறிடுது. அவங்களுக்கு இல்லைன்னா உங்களுக்கும் இல்லைன்னு ஆயிடுது.”

“வேற வழியே இல்லையா?”

“எனக்குத் தெரிஞ்சு இல்லை சார்.”

“இத்தனை வருஷமா என்னத்தைக் கிழிச்சீங்க? பழையபடியே விட்டுத் தொலைங்க. அடுத்த புராஜெக்ட்டுக்கு லீடா வேற ஆளைப் போட்டுக்கறேன்.”

“சரிங்க சார்.”

மத்தியானம் அவள் தயங்கித் தயங்கி அவர் மேஜைக்கு வந்தாள்.

“சார், புரோகிராமைப் பார்த்தேன். துப்புரவாளர் கிளாஸ்ல அந்த அனுமதியைப் புதுசா ஒரு தடவை தனியா எழுதியிருந்தா, அவங்களுக்கு மட்டும் மாறியிருக்குமே. காலேஜ்லயே சொல்லிக் குடுத்துடுவாங்க. ஒரே ஒரு வரிதானே சார்?”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அந்த வரி எனக்குத் தெரியாதுன்னு மேனேஜர் நம்பிட்டாரு. நீயும் நம்பிடும்மா.”