களைச் சாமந்தி

"கடவுளே, திரும்பவும் ஆறு முளைச்சு நிக்குது!"

மீன்தொட்டிக் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற பெர்னடெட்டுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

கடல் சாமந்தி. பேரும் பூ, பார்வைக்கும் பூ; உள்ளபடி கல்லில் ஒட்டி வாழ்கிற ஒரு பிராணி. ஆனால் ஒன்று பத்தாகும். பக்கத்தில் இருக்கிற பவளத்தைக் கொட்டிக் கொட்டியே சாகடிக்கும். பிடுங்கி எறியவும் ஏலாது. பிய்ந்த துண்டெல்லாம் தனித்தனியாக முளைக்கும்.

அந்த நாலடித் தொட்டி அவள் கணவர் கிறகோரி எட்டு வருசமாகப் பிள்ளை மாதிரி வளர்த்தது. உள்ளே கடல் தண்ணீர், கல்லு, பவளம், மீன். குருநகரில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற மனுசன். வேலை முடிந்து வந்தால் தொட்டிக்கு முன்னால் இருந்துதான் தேத்தண்ணி குடிப்பார்.

போன வருசம் பாரிசவாதம் வந்து வலது கையைக் கொண்டுபோய்விட்டது. கதை பேச்சும் குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற மிஸ், "ஒவ்வொரு நாளும் இதை அமத்துங்கோ ஐயா" என்று ஒரு ரப்பர் பந்து கொடுத்துவிட்டார். கிறகோரி அதை இடது கையால் யன்னலுக்கு வெளியே எறிந்தார்.

"நான் என்ன சின்னப்பிள்ளையே, பந்து விளையாட?"

அதற்குப் பிறகு சாய்மனைக் கதிரையே தஞ்சம். அந்த நேரம் பார்த்துத்தான் தொட்டிக்குள் இந்தச் சனியன் தலைகாட்டியது.

வழி சொன்னவன் ஜெனிஸ். கடலில் மூழ்கிச் சுழியோடுகிறவன். எஞ்சின் திருத்த வந்து, வீட்டுப் பிள்ளை போலப் பழகியவன்.

"சுண்ணாம்பைக் களி மாதிரிக் கரைச்சு, சிரிஞ்சாலை அதின்ரை வாய்க்குள்ளை விடவேணும் அக்கா. மெல்ல விடவேணும். கை கொஞ்சம் ஆடினாலும் பொந்துக்குள்ளை ஒளிச்சிடும்."

பெர்னடெட் முயன்றாள். சுண்ணாம்பு கல்லில் கொட்டியது, சாமந்தி ஒளிந்துகொண்டது. மூன்றாம் தரமும் கை பிழைத்தபோது கதிரையில் இருந்து ஒரு அதட்டல்.

"உதே பிடிக்கிற பிடி? கொண்டா இஞ்சை!"

ஜெனிஸ் சிரிஞ்சை அவரது வலது கைக்குள் வைத்தான்.

"இடது கையெண்டால் தொட்டிப் பக்கத்துச் சுவர் இடிக்கும் அண்ணை. உந்தக் கையாலைதான் செய்யலாம்."

முதல் நாள் விரல் மடங்கவே இல்லை. நாலாம் நாள் சிரிஞ்ச் தண்ணீருக்குள் விழுந்தது. மூன்றாம் கிழமை ஒரு சாமந்தி சுருங்கிச் செத்தது. வாதம் வந்தபிறகு கிறகோரி அன்றைக்குத்தான் முதன்முதல் சிரித்தார்.

எல்லாம் நல்லதுதான். ஆனால் ஆறு மாசமாகியும் முடியவில்லையே! ஒருமுறை ஒரு கிழமை முழுக்கத் தொட்டி துப்புரவாகக் கிடந்தது. அப்பாடா என்று அவள் மூச்சு விட, திரும்ப முளைத்தது. அன்றையிலிருந்து, கொன்று முடித்தால் திங்கள் காலையில் வேறு மூலையில் ஐந்தாறு நிற்கும்.

மனுசன் நெற்றி வியர்க்க வியர்க்க மல்லுக்கட்டுவதைப் பார்க்க அவளுக்குப் பயம் வந்தது. ஒருநாள் 'இனி என்னாலை ஏலாது' என்று சிரிஞ்சை எறிந்துவிட்டால்?

அடுத்த ஞாயிறு வழக்கம்போல ஜெனிசைக் காவலுக்கு விட்டுவிட்டுப் பூசைக்கு வெளிக்கிட்டாள். பாதி வழியில் மழை இருட்டிக்கொண்டு வர, குடை எடுக்கத் திரும்பினாள்.

கிறகோரி அறைக்குள் படுத்திருந்தார். ஜெனிஸ் தொட்டியடியில் நின்றான். கையில் ஒரு போத்தல். அதற்குள் இருந்து ஒரு சிப்பி ஓட்டை எடுத்துத் தண்ணீருக்குள் இறக்கினான்.

ஓட்டில் மூன்று சாமந்தி.

"நீயோ!"

ஜெனிஸ் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"இவ்வளவு நாளும் நீயோ கொண்டுவந்து விட்டது? கை வழங்காத மனுசன் கிடந்து மாயுறார், உனக்கு அது விளையாட்டாக் கிடக்கோ? உனக்கு அவர் என்ன குறை விட்டவர்?"

"சத்தம் போடாதேங்கோ அக்கா. அண்ணை எழும்பிடுவார்."

"எழும்பட்டும்! நீ ஆரெண்டு அவருக்கும் தெரியட்டும்!"

ஜெனிஸ் போத்தலைக் கீழே வைத்தான்.

"முதல் இருந்தது எல்லாம் எப்பவோ முடிஞ்சுது அக்கா. முடிஞ்ச கையோடை அண்ணை சிரிஞ்சைக் கழுவி வைச்சிட்டார். அந்தக் கிழமை நான் வந்து பாத்தால், கை பழையபடி விறைச்சு மடியிலை கிடக்குது. பந்து குடுத்தால் எறிவார். எனக்கு வேறை வழி தெரியேல்லை. இறங்குதுறைக் கல்லிலை உது நிறைய நிக்குது. பாத்து எடுத்துக்கொண்டு வாறனான். பவளத்துக்குக் கிட்ட ஒரு நாளும் வைச்சதில்லை."

பெர்னடெட் அறைக் கதவைப் பார்த்தாள். முந்தாநாள் கிறகோரி தன் சேட்டுப் பொத்தானை வலது கையால் தானே பூட்டியது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவள் மாதாவுக்குத்தான் நன்றி சொல்லி மெழுகுதிரி கொளுத்தினாள்.

"நான் உன்னை வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டன், தம்பி."

"பறவாயில்லை அக்கா."

"அவருக்கு மட்டும் சொல்லிப்போடாதை. தெரிஞ்சால் மனுசன் இடிஞ்சுபோவார்."

"நான் ஏன் சொல்லுறன்?"

"சரி, மிச்சத்தையும் கெதியா வை. எழும்பப்போறார்."

அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது.

"ஜெனிஸ்! போன கிழமை கொண்டந்தது எல்லாம் பெரிசடா, ஒரு குத்திலை முடிஞ்சுபோச்சு. இந்தமுறை சின்னனாப் பாத்து வை. எனக்கு இப்ப கை ஆடுறேல்லை."