வளர்ச்சிக்கு இரண்டு மீட்டர்

"இன்னும் ஒரு மீட்டர் கீழதான்க்கா நிக்குது. தப்பிச்சிருச்சு," என்றான் நெட்டை, அளவைக் கருவியிலிருந்து கண்ணை எடுத்தபடி.

ஆள் குள்ளம். அதனால்தான் அலுவலகத்தில் அந்தப் பெயர்.

அவள் தலையசைத்தாள். இடுகாட்டு மூலையில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. அவளுக்கு எண் போதும்.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுபாதை. அடுத்த மாதத்திலிருந்து விமானங்கள் இந்தத் திசையிலிருந்தும் இறங்கப்போகின்றன. அவை இறங்கும் வழிக்குக் கீழே, வானத்தில் ஒரு சரிவான கூரை இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கூரை. அதை எதுவும் முட்டக் கூடாது. முட்டுவது எது என்று சொல்வதுதான் அவள் வேலை.

காலையிலிருந்து ஒரு புகைபோக்கி, ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு கைப்பேசிக் கோபுரங்கள். இது கடைசி.

கட்டடம் கட்டிய உயரத்திலேயே நிற்கும். மரம் அப்படியில்லை. அதனால் மரத்துக்கு மட்டும், அடுத்த முறை அளக்க வரும்வரை எவ்வளவு வளருமோ அதையும் கூட்டித்தான் எழுத வேண்டும்.

"ரெண்டு மீட்டர் சேத்துக்கோ."

"சேத்தா முட்டிரும்க்கா. கிழட்டு மரம், இனிமே வளராதுன்னு போட்டுரலாமே. பாவம், நின்னுட்டுப் போகட்டும்."

"கிழடு இல்ல. பதினோரு வயசுதான்."

"ஜாதகம் கணிச்ச மாதிரி சொல்றீங்க," என்று சிரித்துக்கொண்டே அவன் எழுதினான்.

அவள் இடுகாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்க் கை கழுவினாள். அங்கிருந்த குழாய் தலைகீழ்; வலப்பக்கம் திருகினால்தான் தண்ணீர் வரும். அவள் யாரையும் கேட்காமல் வலப்பக்கமே திருகினாள்.

மரத்தடியில் ஒரு சின்னக் கல். வேர் அதைப் பாதி தூக்கிவிட்டிருந்தது. பெயரை மண் மூடியிருந்தது.

அவள் திரும்பி வந்தபோது, போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த இடுகாட்டுக் காவலாளி அந்தக் கல்லைப் பார்த்தபடி நின்றார்.

"வெட்டிருவீங்களாம்மா?"

"ஆமாண்ணே."

"சின்னப் புள்ளை மேல வெயில் படக் கூடாதுன்னு யாரோ நட்டு வச்சிருக்காங்க. சீக்கிரம் வளர்ற மரமாப் பாத்து நட்டிருக்காங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

அப்போது விமானம் ஒன்று சுவருக்கு அந்தப் பக்கம் எழும்பியது. சத்தம் அடங்கும்வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவள் ஈரக் கையை விரல் விரலாகத் துடைத்தாள்.

"கேட்டாச்சுண்ணே," என்றாள். "வெட்டச் சொல்லிட்டாங்க."