தமுக்குக்குப் பதிலாக ஒரு தட்டு

வேதமூர்த்தி வீட்டைக் காட்டி வாங்கிய கடன் அல்ல அது. வெறும் புரோநோட்டுக் கடன்தான். ஆனாலும் கேஸில் தோற்றதும் கோர்ட் அமீனா வந்து நின்றது வீட்டு வாசலில்தான். "மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துடுங்க, ஏலத்தையாவது தள்ளிப் பாக்கலாம்" என்று வக்கீல் எவ்வளவோ சொல்லியிருந்தார். திவாலானது தெருவுக்குத் தெரிந்துவிடுமே என்று வேதமூர்த்திதான் மறுத்துவிட்டார்.

அமீனா கதவில் ஜப்தி உத்தரவை ஒட்டிவிட்டுக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "தமுக்கு அடிச்சுச் சொல்லணும் சார், அதான் சட்டம். அடிக்கிறவருக்குக் காய்ச்சல். வீட்ல தட்டு ஏதாச்சும் இருக்கா?"

வேதமூர்த்தி தன் சாப்பாட்டுத் தட்டையும் ஒரு கரண்டியையும் எடுத்து வந்தார். அமீனாவின் கையில் ஃபைல் இருந்ததால் அவரே தட்டினார்.

"பூனைக்கா சோறு வைக்கிறீங்க? நல்லா அடிங்க சார், நாலு பேருக்குக் கேக்க வேணாமா?"

நன்றாகவே அடித்தார். எதிர் வீட்டு காசிம் பாய் பாதிச் சவரத்தோடு ஓடி வந்து, "யார் வீடுங்க?" என்றார்.

வேதமூர்த்தி கரண்டியால் தன் வீட்டைக் காட்டினார்.

"சட்டத்துக்கு இவ்வளவு போதும் சார்" என்று அமீனா வண்டியைக் கிளப்பினார். வேதமூர்த்தி நிறுத்தவில்லை. அடித்தபடியே அடுத்த தெருவை நோக்கி நடக்கத் தொடங்கினார்.