கழன்ற மெமரி

மெக்கானிக் உள்ளே நுழைந்தபோது வீட்டுக்காரர் மனைவியின் தலைமயிரைப் பிடித்து அவள் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தார். ஆளைக் கண்டதும் கை இறங்கியது.

"வாப்பா, கம்ப்யூட்டர் மறுபடி படுத்திருச்சு. இந்த மாசத்துல நாலாவது தடவை. இவ கை பட்டா விளங்குமா? அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்னு சும்மாவா சொன்னாங்க!"

சிகரெட் பற்றவைக்க அவர் வாசலுக்குப் போனார். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்த மெக்கானிக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, போன தடவை மாதிரியே மெமரி பட்டை கழண்டு கிடக்கு. ரெண்டு பக்கக் கொக்கியையும் தள்ளாம இது தானா வராதே?"

அவள் உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

"நான்தான் தம்பி கழட்டுறேன். வெளியாள் வீட்டுல இருக்கிற நேரம் மட்டுந்தான் அவரு அடிக்கிறதில்ல."

மெக்கானிக் மெமரியை மேசைமேல் வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக் கத்தினான்.

"சார், இது சாயங்காலம் வரைக்கும் இழுக்கும்!"