சீனியர்

அந்த அம்மாள் கையை விடவே இல்லை.

அறுவைச் சிகிச்சை வார்டுக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று, அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நீங்க தைரியம் சொன்னீங்க பாருங்க அம்மிணி. அதனாலதான் ஏழு மாசம் நிம்மதியா இருந்தாரு.”

அவள் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

குணசீலனின் மனைவி. போனில் அவருக்குப் பின்னால் கேட்கும் குக்கர் சத்தமாகவும், யாருங்க அது என்ற குரலாகவும் மட்டுமே இதுவரை தெரிந்தவள்.

குணசீலனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளுக்கு முப்பத்து நான்கு. ஆனாலும் அவர்தான் அவளை சீனியர் என்று கூப்பிடுவார். குடல் அழற்சிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வயதுக்கு மரியாதை கிடையாது. வியாதி வந்து எத்தனை வருடம் என்பதற்குத்தான் மரியாதை. அவருக்குப் பதினான்கு. அவளுக்குப் பத்தொன்பது.

புதிதாக யார் வந்தாலும் அவள்தான் பேச வேண்டும். எந்த வலிக்கு வெந்நீர் ஒத்தடம், எந்த வலிக்குக் கஞ்சித் தண்ணீர், எந்த வலிக்கு ஒன்றும் செய்யாமல் குப்புறப் படுத்துக் கிடப்பது. எல்லாம் அத்துப்படி.

குழுவுக்கு ஒரே ஒரு விதி.

புற்று என்ற சொல்லை யாரும் எழுதக் கூடாது.

விதி போட்டவளும் அவள்தான். யாராவது எழுதினால் பார்த்த கையோடு அழித்துவிடுவாள். புதியவர்கள் பயந்துவிடுவார்கள் என்பாள்.

யார் பயந்தது என்று யாரும் கேட்டதில்லை.

ஏழு மாதத்துக்கு முன்னால் குணசீலன் கூப்பிட்டார். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிற்றை முறுக்குகிறது, பேண்ட் இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது, இது பழைய வலி மாதிரி இல்லை என்றார்.

அவள் அப்போது பஸ்ஸில் இருந்தாள்.

குடல் சுருங்கியிருக்கும், எனக்கும் வந்ததுதான், நாலு நாளைக்கு வெறும் கஞ்சித் தண்ணீர் குடியுங்கள் என்றாள். புது வலி எல்லாருக்கும் வேறு மாதிரிதான் தோன்றும் என்றும் சொன்னாள். சிரித்தாள் என்றுகூட ஞாபகம்.

நாலு நாளில் சரியாயிற்று. அடுத்த மாதம் மறுபடி வந்தது. மறுபடி கஞ்சித் தண்ணீர்.

பத்து நாளைக்கு முன்னால் குடல் ஒரேயடியாக அடைத்துக்கொண்டது. அடைத்த இடத்தை வெட்டி எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

“சிறுகுடல்ல வர்றது ரொம்ப அபூர்வமாமா. உங்களாட்ட வருசக்கணக்கா இந்த வியாதி இருக்கறவங்களுக்கு மட்டும் கொஞ்சம் வாய்ப்பு ஜாஸ்தியாமா. மேல இருந்து விட்டாலும் கீழ இருந்து விட்டாலும் கேமரா எட்டாத எடமாமா. ரெண்டு வலியும் ஒண்ணாட்டவே இருக்குமாமா.”

டாக்டர் சொன்னதை அந்த அம்மாள் பாடம் மாதிரி ஒப்பித்தாள். உங்களாட்ட என்று சொல்லிவிட்டது பிறகுதான் அந்த அம்மாளுக்கே உறைத்தது.

“உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க அம்மிணி.”

கொஞ்சம் பொறுத்து, “ஈரல் வரைக்கும் போயிருச்சுங்க” என்றாள்.

அவருக்குத் தெரியாது. குடலில் புண் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள்.

“ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லிருங்க. டாக்டரு சொன்னா நம்ப மாட்டேங்கறாரு. நீங்க சொன்னா நம்புவாரு.”

கையை விட்டாள்.

உள்ளே கட்டிலில் பாதி ஆள்தான் இருந்தார். ஒரு கையில் டிரிப்ஸ் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் போன், காதோடு.

“ஒரு நிமிசம் இருங்க” என்று அதில் சொல்லிவிட்டு, “அடடே, சீனியர்!” என்றார். “நீங்க இன்னும் ஆபரேசன் கத்தியே பாக்கலீல்ல? நாந் தாண்டிட்டனுங்க உங்களை!”

சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மனைவி கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்று அவள் வாயையே பார்த்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் போனை நீட்டினார்.

“தாராபுரத்துக்காரருங்க. நேத்துதான் குழுவுல சேந்தாரு. ரெண்டு மாசமா வயித்து வலின்னு அழுகறாரு. உங்க கஞ்சித் தண்ணி வைத்தியத்தை நீங்களே சொல்லிருங்க.”

வாங்கினாள். போன் சூடாக இருந்தது.

அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு மேடம் என்று ஆரம்பித்தது. வலி எங்கே, எப்போது, எத்தனை கிலோ குறைந்தது, எல்லாம் சொன்னது. கடைசியில், பயப்படறதுக்கு ஒண்ணுமில்லீங்களே என்று கேட்டது.

இத்தனை வருடத்தில் அவள் இந்தக் கேள்விக்கு ஒருமுறைகூடத் தயங்கியதில்லை.

“எனக்குத் தெரியாதுங்க” என்றாள்.



“நாளைக்குக் காலைல போய் ஸ்கேன் எடுங்க. பழைய வலிதான்னு யாரு சொன்னாலும் விடாதீங்க. நான் சொன்னாலும் கேக்காதீங்க.”

குணசீலன் சிரித்தார்.

“கேட்டியா, சீனியருக்கே தெரியாதாமா!”

மனைவி சிரிக்கவில்லை. குனிந்து, மடித்துவைத்திருந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

அவருடைய சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் முகத்திலேயே இருந்தது. அதே சிரிப்போடு அவளைப் பார்த்தார். அதோடு மனைவியைப் பார்த்தார்.

துண்டு மூன்றாவது தடவையாக மடிந்துகொண்டிருந்தது.

அவர் கையை நீட்டிப் போனைக் கேட்டார். அவள் கொடுத்தாள்.

“அண்ணா” என்றார் அதில், மெதுவாக. “நாளைக்கு வேண்டாமுங்க. இன்னிக்கே போயிருங்க.”