நூறாவது நார்

வளர்ந்து ஆளான பிறகும் அந்தத் தூக்கணாங்குருவி அப்பா அம்மா கூட்டில்தான் இருந்தது. தனக்கென்று ஒரு கூடு கட்ட, தினம் ஒரு பனைநார் கொண்டுவந்து மூலையில் சேர்த்தது. நூறாவது நாரோடு திரும்பிய அன்று மூலை காலியாக இருந்தது.

"மேலே பாருடா," என்றது அப்பா பெருமையாக. "உன் நாரையெல்லாம் போட்டு உனக்கே மாடி எடுத்துட்டேன். வாசல் மட்டும் ஒண்ணுதான். நீ எப்போ வர்றே, யாரோட வர்றேன்னு அம்மா பார்த்துக்குவா."

குருவி வாயிலிருந்த நாரைக் காலில் இடுக்கிக்கொண்டது. மாடிக்கு ஏறி ஒரு நாரை உருவியது.

"டேய், வீடே ஆடுதுடா!"

"கெட்டியாப் பிடிச்சுக்குங்கப்பா. இன்னும் தொண்ணூத்தெட்டு இருக்கு."