மேசையின் மறுமுனை

வாலு மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு பந்தைப் பார்த்தாள்.

பிங்பாங் பந்து. அதற்கு அவளே பேனாவால் இரண்டு கண் வரைந்திருந்தாள்.

"ஒரே மூச்சு. நடுவுல நிறுத்தி இழுத்துக்கக் கூடாது," என்றாள் அக்கா. என் அக்கா, வாலுவின் அம்மா.

"தெரியும். நீ தள்ளி நில்லும்மா. நீ விடுற மூச்சுலயே பந்து பறந்துடும் போல."

அத்தான் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். புரையேறியது. எங்கள் வீட்டில் அத்தான் இருமினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இருமலுக்கு உரியவர்கள் வேறு. அக்காவின் மூத்த மகள் பெரியவளுக்கும் இழுப்பு, சின்னவள் வாலுவுக்கும் இழுப்பு. மெழுகுவத்திப் புகை இருவருக்குமே ஆகாது. அதனால் இங்கே கேக்கின் மேல் எதையும் ஏற்றுவதில்லை. வீட்டில் நல்லது எது நடந்தாலும், அதைச் செய்தவர் மேசையின் ஒரு முனையிலிருந்து பந்தை ஊதி, மறுமுனையில் விழவைக்க வேண்டும். விழுந்ததும் கைதட்டல். அதற்குப் பிறகுதான் கேக்.

இந்த வருடம் பந்துக்கு ஓய்வே இல்லை.

அக்கா கார் லைசென்ஸ் வாங்கினாள். அவள் ஊதிய வேகத்தில் பந்து ஜன்னலைத் தாண்டிப் பக்கத்து வீட்டு நாய்க்குக் கிடைத்தது. புதுப் பந்து வாங்கினோம். அத்தான் இரவு ஷிப்டிலிருந்து பகலுக்கு மாறினார். பெரியவள் இன்ஹேலரைக் கூடையில் போட்டுக்கொண்டு தனியாகப் பள்ளிக்கு சைக்கிளில் போய்வந்தாள். எனக்கு ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. எல்லோரும் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் நான் ஊதிய ஊதலுக்குப் பந்து அசையவில்லை. விரலால் தள்ளிவிட்டேன்.

மழைக்காலத்தில் பெண்கள் இருவரும் ஆஸ்பத்திரியில், அடுத்தடுத்த கட்டிலில், மூக்கில் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"உன் நெஞ்சுல பூனை கத்துதுடீ," என்றாள் பெரியவள்.

"உன் நெஞ்சுல கதவு. எண்ணெய் போடணும்," என்றாள் வாலு.

வீடு திரும்பியதற்கும் பந்து ஊதினார்கள். பெரியவளின் பந்து விழுந்தது. வாலுவின் பந்து நடு மேசையில் நின்றுவிட்டது. ஓரப்பல் விழுந்த ஓட்டை வழியாகக் காற்று போய்விட்டதாம். பல் இருந்த காலத்திலும் அவள் ஊதிய பந்து மறுமுனையைத் தொட்டதில்லை.

அவளைத்தான் பள்ளி இசைக்குழுவில் ட்ரம்பெட்டுக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

தாராளமாக ஊதட்டும் என்றார் டாக்டர். அக்காவுக்குத்தான் மனம் வரவில்லை.

"ஊதுறதுக்கு வேற ஆளே கிடைக்கலையா அவங்களுக்கு? நீ பேசாம டிரம் அடியேன்."

"டிரம்முக்குக் கைதான் வேணும். எங்கிட்ட மூச்சு இருக்கும்மா."

அக்கா சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்து நிபந்தனை போட்டாள். பந்து மேசையைத் தாண்டி விழுந்தால் ட்ரம்பெட். நின்றுவிட்டால் டிரம். அழுகை கூடாது.

நான் இயற்பியல் படித்தவள். இன்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், காலி இன்ஹேலர் அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்து, வாலு நிற்கப்போகும் பக்கத்து மேசைக்கால்கள் இரண்டுக்கும் அடியில் வைத்தேன். மேலே துணி விரித்துவிட்டால் பந்து தானாக உருளாது. ஊதினால் மட்டும் கொஞ்சம் தாராளமாகப் போகும்.

சாயங்காலம் துணி விரிக்கும் வேலையை வாலு பிடுங்கிக்கொண்டாள். பெரியவளையும் மேசை இருந்த அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். பயம் போலிருக்கிறது, பழகிப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

இப்போது வாலு நாக்கை ஒதுக்கிப் பல் ஓட்டையை அடைத்தாள். பெரியவள் அவள் முதுகில் கை வைத்தாள்.

ஊதினாள்.

பந்து கிளம்பியது. உப்பு ஜாடியைக் கடந்தது. நடு மேசையில், வழக்கமாக நிற்கும் இடத்தில், தயங்கியது.

அட்டை போதவில்லையோ என்று நினைத்தேன். அக்கா என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

வாலுவின் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கோத்தது. ஊதுவதை மட்டும் விடவில்லை.

பந்து மெல்ல நகர்ந்தது. விளிம்புக்குப் போய், ஒரு முறை எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, விழுந்தது.

அத்தான் மேசையிலேயே தாளம் போட்டார். பெரியவள் குதித்தாள். வாலு நிதானமாக இன்ஹேலரை வாங்கி இழுத்துக்கொண்டு, அதன் பிறகு கத்தினாள்.

"போச்சு. இனிமே காதுல பஞ்சோடதான் இந்த வீட்டுல இருக்கணும்," என்ற அக்கா, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பந்தை எடுக்கும் சாக்கில் நான் மேசைக்கு அடியில் நுழைந்தேன். யாரும் பார்ப்பதற்குள் அட்டைகளை உருவிவிட வேண்டும்.

வாலு நின்ற பக்கத்துக் கால்களுக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

அட்டைகள் எதிர்ப்பக்கத்தில் இருந்தன. பந்து மேட்டில் ஏறித்தான் போயிருக்கிறது.

இரண்டு கால்களுக்கு அடியிலும் நான் கோணல்மாணலாக மடித்தவை. அவற்றின் மேல் இன்னும் ஒவ்வொன்று, ஓரம் பிசகாமல் மடித்தது. கைக்குட்டையைக்கூட அப்படி மடிப்பவள் இந்த வீட்டில் அக்கா ஒருத்திதான். என்னுடையதைப் பார்த்துவிட்டு, போதாதென்று அவளும் வைத்திருக்கிறாள்.

துணியின் ஓரம் விலகியது. வாலு தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, உள்ளே எட்டிப் பார்த்தாள். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"அம்மாகிட்ட சொல்லிடாத சித்தி," என்றாள். "பாவம், பாத்துப் பாத்து மடிச்சிருக்காங்க."